கையெழுத்து இல்லாத ஆறு கட்டங்கள்

"பூசைக்கு லேட். சேவை அட்டையில கையெழுத்து இல்ல. கணக்குல வழிமுறை எழுதுறதும் இல்ல. உன்னை நான் எதுலதான் சேர்க்கிறது மரிபெல்?"

நுஹாத் மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கடைசி மணி அடித்து அரைமணி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது.

மரிபெல் எதிரே நின்றிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மாணவி அவள்தான். பெய்ரூத்தில் இலவசமாக மேல்படிப்புப் படிக்க வேண்டுமானால் பள்ளியின் சிபாரிசுப் பட்டியலில் பெயர் வர வேண்டும். பட்டியல் திங்கட்கிழமை போகிறது. மார்க் மட்டும் போதாது, அறுபது மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும் என்பது சிஸ்டர்களின் கண்டிப்பு. அதைக் கூட்டிச் சரிபார்க்கும் பாடு கணக்கு டீச்சரான நுஹாத் தலையில் விடிந்திருந்தது.

"ஐம்பத்துநாலுதான் வருது. மிச்சம் ஆறு எங்கே?"

"அதுவும் போனேன் மிஸ். மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே வீடு. கோவில் பங்குல கஷ்டப்படுறவங்களுக்குக் குடுக்கிற சாப்பாட்டுப் பெட்டி."

"வாங்கினவங்க கையெழுத்து?"

"வாங்கலை."

"ஏன், அவங்களுக்குக் கை இல்லையா?"

"அவங்க வீட்டுல இல்லாதப்பதான் மிஸ் போவேன். வாசல்ல வச்சிட்டு வந்துடுவேன். நேர்ல பார்த்தா கூச்சப்படுவாங்க."

இந்தக் கையெழுத்துக் கட்டத்தைப் போட்டதே நுஹாத்தான். போன வருஷம் இரண்டு தடியன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், உள்ளே இருந்த மீன் டப்பாக்களைக் காலி பண்ணிவிட்டு, 'சேவை முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வாங்கினவர் கையெழுத்து இருந்தால்தான் மணி நேரம் சேரும்.

"சரி, யார் வீடு? பேரைச் சொல்லு. நானே போய்க் கையெழுத்து வாங்கிக்கிறேன்."

"சொல்ல முடியாது மிஸ்."

"பங்குச் சாமியாரைக் கேட்டா, 'அந்தப் பொண்ணை விட்டுடுங்க'ன்னு சிரிக்கிறாரு. அபூனா தானியோஸோட சிரிப்பை நான் எந்தக் கட்டத்துல ஒட்டுறது?"

மரிபெல் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"மத்த நாளெல்லாம் கேட் திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிற. முதல் வெள்ளிப் பூசைக்கு மட்டும் லேட். இன்னைக்கும் அப்படித்தான். பாதிப் பூசையில மூச்சு வாங்க ஓடி வர்ற. ஆண்டவருக்காக மாசத்துல ஒருநாள் சீக்கிரம் எழுந்திரிக்கக் கூடாதா?"

மரிபெல் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"நான் உனக்கு எதிரி இல்லம்மா. பேரை மட்டும் சொல்லு, என் காதோட இருக்கும். சொல்லலேன்னா திங்கட்கிழமை உன் பேரு இல்லாமத்தான் பட்டியல் போகும். புரியுதா?"

மரிபெல்லின் கண் கலங்கியது. "புரியுது மிஸ்."

"அப்புறம் என்ன?"

"பேரு இல்லாமலே போகட்டும் மிஸ்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"என்ன திமிரு" என்று நுஹாத் முணுமுணுத்தாள். மனசு கேட்கவில்லை. இந்த வருஷம் அந்தப் பட்டியலுக்கு அவளை விட்டால் வேறு ஆளே கிடையாது. அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

டாக்ஸி கட்டுப்படியாகாது, நடைதான். சம்பளம் கைக்கு வந்ததும், வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்காரன் கொண்டுபோய்விடுகிறான். லிஃப்ட் நின்று இரண்டு வருஷம். ஒவ்வொரு மாடியிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நாலாவது மாடிக்கு ஏறினாள்.

வாசலில் சலவைக்கடைப் பை ஒன்று இருந்தது. முதல் வெள்ளி அல்லவா.

பக்கத்து வீட்டுக்காரி கண்ணுக்கு அது இஸ்திரி போட்டு வந்த துணி. உள்ளே இருப்பது பங்குப் பெட்டி என்று தனக்கும் அபூனாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள் நுஹாத். "டீச்சர் கை நீட்டுறான்னு தெரிஞ்சா எந்த மூஞ்சியோட அபூனா நான் வகுப்புல நிக்கிறது?" என்று அவரிடம் அழுதபோது, "நான் பார்த்துக்கறேன் மகளே" என்று சொல்லியிருந்தார். அவரேதான் தூக்கி வந்து வைக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

சமையலறையில் பையைப் பிரித்தாள். அரிசி, பருப்பு, எண்ணெய். தவக்காலம் என்பதால் எள் விழுதும் ஒரு ஜாடி திராட்சைப் பாகும். ஜாடி உடையாமல் இருக்க யாரோ காகிதம் சுற்றியிருந்தார்கள்.

பழைய கணக்குப் பரீட்சைத் தாள். பெயர் எழுதும் மூலையை மட்டும் கவனமாகக் கிழித்து எடுத்திருந்தார்கள். ஆனால் குறுக்கே சிவப்பு மையில் இருந்தது நுஹாத்தின் கையெழுத்தேதான்.

'விடை சரி. எப்படி வந்தது என்று காட்டவில்லை. பாதி மார்க்.'

நுஹாத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு முதல் வெள்ளி. நாலு மாடி. மூச்சு வாங்க ஓடி வந்து நின்ற பெண்ணை ஒவ்வொரு தடவையும் கோவில் வாசலில் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறாள். நினைக்க நினைக்க அழுகை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சேவை அட்டையை எடுத்தாள். திங்கட்கிழமை அது சிஸ்டர்கள் கைக்குப் போகும், ஆபீஸில் நாலு பேர் பார்ப்பார்கள், சாயங்காலத்துக்குள் ஊரே பேசும். எல்லாம் தெரிந்துதான் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

'வாங்கினவர் கையெழுத்து' என்று வெறுமையாகக் கிடந்த ஆறு கட்டங்களிலும், ஒன்று விடாமல், தன் முழுப்பெயரை எழுதினாள்.