ஹாஜியாருக்கு இன்னும் ஒரு கேள்வி

பஸீர் ஹாஜியார் ஐந்தாவது தடவையாக மைக்கைப் பிடித்ததும் டொறீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரோட்டு எத்தனை அடி அகலம் வரும் என்று தமிழில் கேட்டார். டொறீன் அதைச் சிங்களத்தில் அதிகாரிக்குச் சொன்னாள். அதிகாரி சொன்ன பதிலைத் தமிழில் ஹாஜியாருக்குச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் வேலையே அதுதான். ஆனால் இரத்தோட்டை பஸாரில் நாள் முழுக்கச் சிங்களத்திலேயே பேரம் பேசி மிளகும் கராம்பும் வாங்குகிற மனிதருக்கு இன்றைக்கு மட்டும் என்ன வந்தது?

கூட்டம் புதிய தொழில் வலயத்தைப் பற்றியது. வாசனைத் திரவியத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கும் நிலத்துக்கு ஊதா நிறம் பூசி, வரைபடத்தை மண்டபச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஊர்மக்கள் கருத்துச் சொல்லலாம். இன்றைக்கு யாரும் ஆட்சேபிக்காவிட்டால் வரைபடம் அப்படியே கொழும்புக்குப் போய்விடும்.

அந்த ஊதாவுக்குள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் சரிவும் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் தரும் ஊற்று அந்தச் சரிவில்தான். அங்கே தொழிற்சாலை எழும்பினால் லயத்துப் பீலியில் சொட்டுத் தண்ணீர் வராது. டொறீன் பிறந்த லயம் அது. அக்கா கெத்தரின் இன்னமும் அங்கேதான் இருந்து கொழுந்து பறிக்கிறாள்.

மொழிபெயர்க்க வந்தவள் சொந்தமாக வாய் திறக்க முடியாது. அங்கே குடியிருப்பவர்கள்தான் நேரில் வந்து சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு எந்த நேரம் வசதி என்று அதிகாரி கேட்டபோது, புதன்கிழமை இரண்டு மணி என்று சொன்னவளே டொறீன்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

லயத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பின்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தங்கள் தண்ணீருக்காக ஒரு பின்னேரம் வந்து உட்கார முடியாதா என்று அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

போதாக்குறைக்கு இந்த ஹாஜியார் வேறு. அவருடைய மூன்று ஏக்கர் மிளகுத் தோட்டமும் அதே சரிவில்தான் இருந்தது. வலயம் வந்தால் அந்தக் காணியின் விலை எங்கேயோ போய்விடும். வரப்போகிற அதிர்ஷ்டத்தை அடிக்கு அடி விசாரித்து வைத்துக்கொள்கிறார் என்று முன்வரிசையில் சிரித்தார்கள்.

லொறிகள் இரவில் ஹோர்ன் அடிக்குமா என்று கேட்டார். பஸ் நிறுத்தும் இடம் மாறுமா என்று கேட்டார். ஊதாவுக்குப் பதிலாக வேறு நிறம் பூசினால் என்ன என்றுகூடக் கேட்டார். அதிகாரி முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இனியாவது எழுந்து போவார் என்று டொறீன் எதிர்பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

வேறு யாரும் பேச இல்லையென்றால் முடித்துக்கொள்வோம் என்று அதிகாரி எழுந்தார். ஹாஜியார் கையை உயர்த்தினார். கேட்க ஒருவர் இருக்கும்வரை கூட்டத்தை மூடக்கூடாது என்பது விதி. அதிகாரி பெருமூச்சு விட்டபடி மறுபடியும் உட்கார்ந்தார்.

டொறீன் பொறுக்க மாட்டாமல் ஹாஜியார் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "போதும் ஹாஜியார். ஒங்க காணிக்கு ஒரு கொறையும் வராது. எங்க ஆளுங்கதான் வரவே இல்லையே, இனி யாரு தடுக்கப் போறாங்க?"

ஹாஜியார் கோபப்படவில்லை. "ஒரு கேள்வி மட்டும் மிச்சம் ஈக்கிது மகள். அதையும் செல்லிப்போடுங்க" என்றார்.

அந்த ஒன்று நாலாகி, ஐந்தாவது ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆரவாரம் கேட்டது. கெத்தரின் முன்னே வர, பின்னால் மேல் டிவிஷன் பெண்கள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. விரல்களில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது.

கெத்தரின் நேராக மைக்குக்குப் போனாள். "ஐயா, பேக்டரி வேணாம்னு சொல்ல நாங்க வரல்ல. எங்க புள்ளைங்களுக்கும் வேலை வேணும். அத கீழ ரோட்டோரம் கட்டுங்க. அந்த ஊத்துல மட்டும் கை வச்சிராதீங்க. எங்களுக்கு வேற தண்ணி இல்ல."

டொறீன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். அன்றைக்கு முதல் முறையாக அந்த வேலை அவளுக்கு இனித்தது. அதிகாரி எல்லோரிடமும் விசாரித்தார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து முழுச் சரிவையும் வலயத்துக்கு வெளியே தள்ளிக் கோடு போட்டார். ஹாஜியாரின் மிளகுத் தோட்டமும் அதோடு சேர்ந்து வெளியே போயிற்று.

டொறீன் திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை நேரம் எல்லோரையும் வதைத்ததற்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிவாசல் பக்கம் அவசரமாக நடந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மணின்னு எத்தன தரம் சொன்னேன்? இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா எல்லாம் போயிருக்கும்."

"ஆபீஸுக்குப் போனதும் மலைய மறந்துட்டியா டொறீன்? சாயங்கால நிறுவைக்கு நிக்காம எறங்கினா அன்னிக்குப் பேரும் இல்ல, சம்பளமும் இல்ல. என்ன செய்றதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தோம். ஹாஜியார்தான் காலையிலேயே ஆள் அனுப்பினாரு. 'கொழுந்த நிறுவைக்குக் குடுத்துட்டு ஆறுதலா வாங்க, நீங்க வந்து சேர்ற வரைக்கும் நான் பேசிக்கிட்டே நிக்கிறேன்'னு."