காலி வண்டியின் கனம்

மணல் லாரி ஒன்றின் பின்சக்கரத்துக்கு மேலே, பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்று பதினோரு வருஷமாகப் பாரம் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தது.

ஒருநாள் அதன் பக்கத்தில் புது எடைக்கருவி ஒன்றை மெக்கானிக் பொருத்தினார். நம் பாரத்தைச் சொல்ல ஒரு வாய் வந்துவிட்டது என்று பட்டைக்கு உயிர் வந்தது.

"வண்டி காலிதானே?" என்றார் மெக்கானிக்.

"காலிதான்" என்றார் டிரைவர் சவரிமுத்து. தொட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கருவியில் பூஜ்ஜியம் வைத்தார்கள்.

பட்டை பதறிப்போய் எடைக்கருவியிடம் சொன்னது. "தம்பி, தொட்டி மூலையில மூணு மழைக்காலத்து மணல் இறுகிக் கிடக்குது. அரை டன் இருக்கும். அதையும் சொல்லுப்பா."

"நான் வரும்போதே இருந்ததெல்லாம் எனக்குப் பூஜ்ஜியம்தாண்ணே."

"தாங்குறவன் நான்ல?"

"கோவிச்சுக்காதீங்க. இனிமே ஏறுறதை ஒரு கிலோ பிசகாம சொல்லிடறேன்."

சொன்னபடியே சொன்னது. அன்றைக்கு முழு அளவுக்கு மணல் ஏற்றினார்கள். அளவுக்குள்தான் என்று பச்சை விளக்கு எரிந்தது. மேடு ஏறும்போது பட்டை இரண்டாக முறிந்தது.

அன்று ஏற்றிய மணலை மட்டும் கொட்டிவிட்டுப் புதுப் பட்டை மாட்டினார்கள். மாட்டியதுமே அது முனகியது. "காலி வண்டியே இப்படிக் கனக்குமா?"

"உன்மேல ஒண்ணுமே இல்லையேப்பா" என்றது எடைக்கருவி, ரொம்பப் பிரியமாக.

தனக்குத்தான் தெம்பு போதவில்லை என்று புதுப் பட்டை நினைத்துக்கொண்டது.