மூன்றாவது இழுப்பு

பிள்ளை பெற்றவள் கடலை நம்புவாளா? பாய்மரப் படகில் ஏறிய அன்றே பிள்ளைகள் இருவர் இடுப்பிலும் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள் அம்மா. அவள் ஒருமுறை இழுத்தால் அவர்கள் இரண்டுமுறை இழுக்க வேண்டும். மூன்றுமுறை இழுத்தால், ‘அம்மா, வா’ என்று அர்த்தம்.

அன்று காலை மூடுபனியில் படகின் முன்பக்கமே மறைந்துபோனது. பிள்ளைகள் இருவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். சுக்கானை விடாமல் கயிறுகளை இழுத்தாள். பெரியவள் இரண்டுமுறை பதில் இழுத்தாள். சின்னவனும் இரண்டு. போன உயிர் திரும்பி வந்தது.

கீழறையிலிருந்து கணவன் தலையை நீட்டினான்.

“சத்தம் போடாத, ரெண்டும் இப்பத்தான் தூங்குதுங்க. பனி இறங்கினதுமே கயித்த அவுத்து, முன்பக்க மூடியத் திறந்து உள்ள இறக்கிட்டேன்.”

எட்டிப் பார்த்தாள். ஒரே தலையணையில் இரண்டு தலைகள்.

கையில் சின்னவனின் கயிறு மூன்றுமுறை இழுபட்டது.