அந்தக் கடையில் வாங்கியவர்களுக்கு மட்டும்

“அண்ணே, நானும் முழு விலை கொடுத்துத்தான் கேம் வாங்கியிருக்கேன். அந்தத் தேயிலை மலை லெவல் மட்டும் ஏன் திறக்கல?” போனில் கத்தினான் டொமினிக்.

“அது போனஸ் லெவல் தம்பி. இங்க கோலாலம்பூர்ல எங்க கடையில முன்கூட்டியே புக் பண்ணவங்களுக்கு மட்டும்தான்,” என்றார் கடைக்காரர்.

“நான் இங்க ரிங்லெட் டவுன்ல வாங்கினேன். விலை ஒண்ணுதானே? இது என்ன நியாயம் லா?”

“கம்பெனி போட்ட ரூல்ஸ். நான் என்ன பண்றது?”

“சரி, தனியா காசு தர்றேன். அதைத் திறந்து விடுங்க.”

“புக்கிங் போன மாசமே முடிஞ்சிருச்சு.”

டொமினிக் நாற்காலியை எட்டி உதைத்தான்.

“இதுக்குப் போயி ஏன் தம்பி இவ்வளவு கோபம்? ஒரு அம்மா கொழுந்து எடுப்பாங்க, அவ்வளவுதான். நீங்க கேமரன் மலையில இருக்கீங்க. ஜன்னலைத் திறந்தா நெஜ மலையே தெரியுமே!” கடைக்காரர் சிரித்தார்.

டொமினிக் திரும்பிப் பார்த்தான். டிவி முன்னால் தோட்டத்து லயத்து வீடுகளின் சனமே பாய் விரித்துக் காத்திருந்தது. நடுவில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் சேலையில் அவன் அம்மா ஆரோக்கியம்மாள். போன வருஷம் கேம் கம்பெனிக்காரர்கள் வந்து, மூன்று நாள் அவளைக் கொழுந்து எடுக்கச் சொல்லிப் படம் பிடித்துப் போயிருந்தார்கள்.

“என்னடா சொல்றாங்க?”

“கோலாலம்பூர்ல புக் பண்ணவங்கதான் உன்னைப் பார்க்க முடியுமாம், அம்மா.”

“மூணு நாள் மழையில நனைஞ்சவ நானு. என்னைப் பார்க்க நான் எந்தக் கடையில புக் பண்ணியிருக்கணுமாம்? கேளுடா அந்த ஆள!”