ஆதி மனிதனின் மனைவி

“அது எங்க வீட்டுக்காரரோட தலை சார். குடுத்திருங்க” என்றாள் காளியம்மாள்.

பேராசிரியர் ரத்தினவேல் கையிலிருந்த பிரஷ்ஷை மேஜைமேல் வைத்தார். குந்தாரப்பள்ளிக்குப் பின்னால், ஆற்றோரம் போட்ட கூடாரம் அது. மேஜை நடுவே, பஞ்சு பரப்பிய மரப்பெட்டியில் மண்டையோடு இருந்தது.

“இது லட்சம் வருஷத்துக்கு முந்தின மனுஷனோடதும்மா. பேப்பர்ல பார்க்கலையா?”

“பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் சார் வாரேன். முன்பல்லெல்லாம் தேஞ்சிருக்குன்னு போட்டிருக்காகளே. அவுகளுக்கும் அப்படித்தான். போயிலையை மென்னு மென்னு தேஞ்ச பல்லு.”

அவளுக்குக் கோவில்பட்டிப் பக்கம். கணவன் மாடசாமி ஓசூரில் ஒரு கம்பெனியில் லோடுமேனாக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன், ஆற்றில் வெள்ளம் வந்த வாரம், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு என்று சொல்லிக் கிளம்பியவன் வீடு திரும்பவில்லை.

“மகளுக்கு ராயக்கோட்டையில மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு சார். தக்காளி மண்டி வச்சிருக்காக. ‘அப்பன் இருந்தா பந்தல்ல வந்து நிக்கட்டும், செத்திருந்தா செத்துட்டான்னு சொல்லுங்க. ஓடிப்போனவன் மக எங்களுக்கு வேண்டாம்’னுட்டாக. லைன் வீட்டுல தண்ணி பிடிக்கப் போனாக்கூட, ‘உம் புருசன் எங்கட்டி?’ன்னுதான் கேக்காளுக. நான் யாருகிட்டயும் பேசுறதே இல்ல.”

பேசும்போதெல்லாம் அவள் கூடாரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிப் பக்கம் கண் போகவே இல்லை. பாவம், பார்க்கத் தைரியமில்லை என்று நினைத்துக்கொண்டார் ரத்தினவேல்.

“அப்படியெல்லாம் தூக்கிக் குடுத்துட முடியாதும்மா. நீங்க கிளம்புங்க.”

அவள் கிளம்பவில்லை. வெளியே போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அது அவள் கணவனின் தலை இல்லை என்பது ரத்தினவேலுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆதி மனிதனின் தலை இல்லை என்பதும் தெரியும். பெங்களூரில், மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு விற்கும் கடையில் அவரே வாங்கியது. யாரோ ஒரு பெண்ணின் தலை.

பல்லை அரத்தால் தேய்த்தார். டீத்தூளிலும் துருத் தண்ணீரிலும் ஊறப்போட்டார். சரளை மண்ணுக்கடியில் புதைத்து, ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டே தோண்டி எடுத்தார்.

இத்தனை வருஷமாக இந்த ஆற்றோரங்களில் கல்லாயுதம் பொறுக்கியிருக்கிறார். அவர் எழுதிய கட்டுரைகளை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. மனைவி இறந்த பிறகு, லீவுக்குப் போக ஒரு வீடும் இல்லை. மண்டையோடு கிடைத்த பிறகுதான் இந்தக் கூடாரத்தில் இன்னொரு நாற்காலி தேவைப்பட்டது.

இப்போது கல்கத்தாவிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். எலும்பைச் சுரண்டி, ரசாயனம் போட்டு வயது பார்ப்பார்களாம். தந்தி வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பொய் என்று தெரிந்தால் தலை காட்ட முடியாது. ஆனால், வெறும் தப்பு என்றால்? ஆள் அடையாளம் பிசகிவிட்டது என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறந்துபோவார்கள். புதைத்த தலையைத் திரும்பத் தோண்ட யாரும் வரமாட்டார்கள்.

அவர் புங்கமரத்தடிக்கு வந்தார்.

“இன்னொரு தடவை நல்லாப் பார்த்தேம்மா. போயிலை மென்னு தேஞ்ச பல்லுதான். என்னோட கணிப்புதான் தப்பு. எடுத்துட்டுப் போய்க் காரியம் பண்ணுங்க.”

காளியம்மாள் எழுந்தாள். “இதை நாலு பேரு முன்னால சொல்லுவீகளா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் ஆற்றுமேட்டில் கூட்டம். ஓசூரிலிருந்து லைன் வீட்டுப் பெண்கள், ராயக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார், உள்ளூர் மணியக்காரர் நாராயணப்பன் எல்லாரும் வந்திருந்தார்கள். ரத்தினவேல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார்.

“ஏன் சார், லட்ச வருசம், லட்ச வருசம்னு குதிச்சீங்க. கடைசியில லோடுமேன் மாடசாமியா?” என்றார் நாராயணப்பன். “இவனுக்கா டேப்பு புடிச்சு அளந்தீங்க?”

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“யோவ் மணியக்காரரே, செத்தவர வச்சுத் தமாசு பண்ணாதய்யா. அவரு எங்க சம்பந்தி.”

குழியில் மண்டையோட்டை வைத்து மண் தள்ளினார்கள். காளியம்மாள் வளையல்களை உடைத்தாள். கழுத்து மஞ்சள் கயிற்றைக் கழற்றி மண்ணோடு போட்டாள். அவள் அழுத அழுகையைப் பார்த்து, லைன் வீட்டுப் பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். “நீங்க முன்னால போங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டுக் காளியம்மாள் மட்டும் மண்மேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் நின்ற ரத்தினவேலால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரோ ஒரு பெண்ணின் தலைக்காக இவள் தாலியையே கழற்றிவிட்டாள். இதைச் சொன்னால் ஊரைக் கூட்டுவாள், தன் கதை முடிந்தது. ஆனாலும் அவர் அவள் முன்னால் போய்க் கை கூப்பினார்.

“அம்மா, என்னை மன்னிச்சிருங்க. அது உங்க வீட்டுக்காரர் இல்ல. நான் கடையில காசு குடுத்து வாங்கின தலை. அவர் எங்கயாவது உயிரோடகூட இருக்கலாம்மா.”

காளியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி எழுந்தாள்.

“தெரியும் சார். அவுக ஆனேக்கல் ஊர்ல இன்னொருத்தியோட இருக்காக.”