ஒண்ணு விடாம

"எல்லாப் படமும் வேணும் தாயி. ஒண்ணு விடாம எடுத்துக் குடு" என்று போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள் தங்கமயில்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அந்தப் போட்டோ பிரிண்ட் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஷர்மிளா நிமிர்ந்து சிரித்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க ஆன்ட்டி. பென் டிரைவ்ல போட்டுத் தரவா?"

"எதுலயாவது போடு. எனக்கு என்னத்தத் தெரியும்? போன் நெறஞ்சு போச்சுன்னு கத்திக்கிட்டே கெடக்கு. படத்தையெல்லாம் வழிச்சு எடுத்துட்டுப் போனைக் காலியாக்கிக் குடு."

போட்டோ ஒரு சாக்குதான். தாராவியில் தங்கமயிலின் மளிகைக் கடை இருக்கும் தெருவிலேயே இந்த வேலையைச் செய்து கொடுக்க நாலு பேர் உண்டு. தரகர் வானமாமலை போன வாரம் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். அதற்குச் சொந்தக்காரி இந்த ஷர்மிளா. பொருத்தமெல்லாம் பேஷாக இருந்தது. மகன் ஜெயகணேஷோ, "நீ பாத்துச் சொன்னா சரிம்மா" என்று பூம்பூம் மாடு கணக்காகத் தலையாட்டிவிட்டான்.

முறைப்படி பெண் பார்க்கப் போனால் பட்டுச் சேலையும் கேசரியும்தான் கண்ணில் படும், குணம் எங்கே தெரியப்போகிறது? அதனால்தான் யாரிடமும் மூச்சு விடாமல் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். பிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூவோடு போவது, பிடிக்காவிட்டால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. அதில் அவள் உறுதியாக இருந்தாள்.

ஷர்மிளா கேபிளைச் செருகினாள். கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை.

"போச்சா?" என்றாள் தங்கமயில்.

"இல்ல ஆன்ட்டி, போன் சும்மா சார்ஜ் ஆகுது, அவ்வளவுதான். மேல இருந்து இப்படி இழுங்க. 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்'னு ஒண்ணு இருக்கா? அதத் தொடுங்க. நீங்களே தொடுங்க."

தொட்டாள். கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

"இப்பம் எதத் தொட்டேன்?" என்று மறுபடி கேட்டாள் தங்கமயில். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் குரல் மாறாமல் முதலிலிருந்து சொன்னாள். வீட்டில் இப்படிக் கேட்டால், "உனக்குப் புரியாதும்மா, விடு" என்பான் மகன். அந்த ஒரு வார்த்தை தங்கமயிலுக்கு அப்படி வலிக்கும். இவள் அதைச் சொல்லவே இல்லை.

"ரொம்ப நாளா இந்தப் போன்தானா ஆன்ட்டி?"

"எம் மவன் வச்சிருந்தது. தீவாளிக்குப் புதுசு வாங்கிக்கிட்டு இத என் தலையில கட்டிட்டான்."

படங்கள் திறந்தன. அரிசி மூட்டை, பிள்ளையார் சப்பரம், பக்கத்து வீட்டுக் குழந்தை. அடுத்தது ஜெயகணேஷ்.

ஷர்மிளாவின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. ஜாதகத்தோடு மாப்பிள்ளை போட்டோவும் பெண் வீட்டுக்குப் போயிருந்தது. அடையாளம் தெரியாமலா இருக்கும்?

"உங்க... பையனா?"

"ஆமா. வாஷியில ஆபீஸ் வேல. ஆளு எப்படி இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்காரு" என்றவள், மானிட்டரை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். "இது முடிய கொஞ்சம் டைம் ஆகும். பக்கத்துல ஃபில்டர் காபி நல்லா இருக்கும், சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

காபி வந்தது. தங்கமயில் அதை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். அவசரமே படவில்லை. எதிரே மவுஸ் மட்டும் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சு. போனும் காலி."

"ஒண்ணு விடாம வந்திருச்சுல்லா?"

"எல்லாம் வந்திருச்சு அத்தை."

ஆன்ட்டி எந்த இடத்தில் அத்தை ஆனாள் என்பதை ஷர்மிளா கவனிக்கவில்லை. தங்கமயில் கவனித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

சாயங்காலம் ஜெயகணேஷ் வீட்டுக்கு வந்தபோது அம்மா டிவியில் பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"என் போன்ல கெடந்த படம்லாம். ஷர்மிளாட்டக் குடுத்து எடுத்துட்டு வந்தேன்."

"எந்த ஷர்மிளா?"

"நம்ம வீட்டுக்கு எத்தன ஷர்மிளா ஜாதகம் வந்துச்சுல?"

அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். டிவியில் அரிசி மூட்டை வந்தது. பிள்ளையார் வந்தார். அவன் அவசரமாகப் பைக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்து, காலையிலிருந்து பார்க்காமல் விட்ட மெசேஜ்களைப் படித்தான். பிறகுதான் மூச்சு வந்தது. காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, "சப்பரம் சூப்பரா வந்திருக்கும்மா" என்று ரசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

கடைசிப் படமும் ஓடி முடிந்தது.

"அப்ப, பொண்ணு எப்படிம்மா?"

"தங்கமான பிள்ளல. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம பூவோட போயிருவோம்."

"உன் இஷ்டம்மா. முன்னப்பின்ன தெரியாத பொண்ணு. நீ சொல்றேங்கிறதுக்காகத்தான்..." என்று இழுத்தான் ஜெயகணேஷ்.

தங்கமயில் பென் டிரைவைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"ஒரே ஒரு கொறதாம்ல. ஒண்ணு விடாம வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீயும் அவளும் ஜுஹு பீச்சுல ஒரே சோளக்கதிர ஆளுக்கொரு பக்கம் கடிச்சுக்கிட்டு நிக்கிற படத்த மட்டும் விட்டுட்டா. கல்யாண ஆல்பத்துல சேக்கணும், அவகிட்ட இருந்தா வாங்கிட்டு வா."