காரணம் எழுதிய பக்கம்

சட்டையை நெஞ்சுவரை ஏற்றி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கிவிட்டு நின்றேன். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி ஓரடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்ப்பதுதான் அவர் வேலை. இன்னொருத்தர் சிறுநீரை ஒளித்துக் கொண்டுவந்து ஊற்றிவிடக் கூடாதல்லவா.

ஆறு மணிநேரம் சைக்கிள் மிதித்த உடம்பு. மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தும் கல்லில் நார் உரிக்கிற கதையாகத்தான் இருந்தது.

வெளியே இன்னும் கூச்சல் ஓயவில்லை. இன்று மேடேறும்போது ஒருவன் அட்டையில் ஆளுயர ஊசி செய்து தூக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே ஓடிவந்தான். வேலைப்பாடு நன்றாகவே இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பந்தயக்காரர்கள் ஆண் ஹார்மோன் மருந்து எடுக்கக் கூடாது. எனக்கு மட்டும் மருத்துவக் காரணத்துக்காகச் சிறப்பு அனுமதி உண்டு. போன வாரம் யாரோ அந்த அனுமதிக் கடிதத்தைத் திருடி வெளியே விட்டுவிட்டார்கள். காரணம் எழுதிய இரண்டாம் பக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

நாளைக் காலை பத்து மணிக்குள் அந்தப் பக்கத்தை நானே வெளியிட வேண்டும். இல்லையென்றால் அணியில் இடமில்லை. மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார். பதினான்கு வருட உழைப்பு. அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

இந்த அதிகாரி இருபது முறையாவது என்னை இப்படிப் பார்த்திருக்கிறார். பார்த்ததை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இன்று முதல்முறையாகப் பார்வையை விலக்கி, சுவரிடம் பேசுவதுபோல் சொன்னார்.

“புத்துநோய் வந்து விதைய எடுத்துட்டாங்கன்னு சொல்லிடுங்க தம்பி. அதுல என்ன வெட்கம்? இப்ப திட்டுறவனே நாளைக்குக் கை தட்டுவான்.”

நல்ல மனிதர். அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கே ஏக்கமாக இருந்தது. புற்றுநோய்க்கு ஏங்கிய ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“யாரும் எடுக்கல சார். பொறக்கும்போதே இல்ல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடுத்த அறையில் மனைவியோடு காத்திருந்த என் ஏழு வயது மகள் அதற்குள் கதவைத் தட்டினாள்.

“அப்பா! இன்னுமா வரல?”

அதிகாரி கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திறந்த வாய் மெதுவாக மூடிக்கொண்டது.

மகள் எப்படிப் பிறந்தாள் என்பது மனைவிக்கும் எனக்கும் ஒரு மருத்துவமனைக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இப்போது இவருக்கும் தெரியும்.

அப்போதுதான் வந்தது. இரண்டு குப்பிகளில் பிரித்து ஊற்றி, மூடிகளை இறுக்கி, எண்களைச் சரிபார்த்தேன். படிவத்தின் கடைசியில் ‘வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்புகிறீர்களா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். அதில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று பள்ளியில் ஒருத்தி மகளிடம், ‘உன் அப்பா ஏமாத்துக்காரர்’ என்றாளாம். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

சொல்லட்டும். ‘உன் அப்பா’ என்றுதானே சொன்னாள்.